பேய்க்குக் கால் சுட்டது

நான் முதலில் நடித்தது பேய் வேஷம். எழுபதுகளில் சின்னக் கம்பெனிகள் பேய்ப் படம் நிறைய எடுத்தன. ஒரு வெள்ளைப் புடவை, விரித்த தலை, சவுக்குத் தோப்பு. போதும்.

அதற்கு முன் செங்கல்பட்டில் ரைஸ்மில் களத்தில் வேலை. அம்மாவும் நானும் அவித்த நெல்லைக் காயப்போட்டுக் காலால் துழாவுவோம். கம்பெனிக்கு ஆள் பிடிக்கிறவர் ஒருத்தர் என் உயரத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். அம்மா கறாராகச் சொன்னாள்.

"ஒரு படம். சரியா வரலன்னா களத்துக்கு வந்துடணும். அப்பால சினிமா கினிமான்னு பேசக்கூடாது."

எனக்குத் திரும்பிப் போக மனசில்லை.

மாமல்லபுரம் கடற்கரையில் படப்பிடிப்பு. கதையில் பேய் வருவது ராத்திரி. எடுத்தது உச்சி வெயிலில். கேமராவுக்கு முன்னால் ஒரு கண்ணாடியை மாட்டினால் பகல் ராத்திரியாகிவிடுமாம். மணலுக்கு அது தெரியாது.

"ஒய்யாரமா காலைத் தூக்கி வெச்சு வாம்மா" என்றார் டைரக்டர். வைத்தேன். சுட்டது. குதித்தேன். மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் குதித்தேன்.

கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்த மீன்காரம்மா சிரித்தாள். "இன்னாம்மே இது, பேய்க்குக் காலே கெடையாதுன்வாங்க. இதுக்கு காலு சுடுதாம்!"

பக்கத்தில் வலை உலர்த்தியவர் சொன்னார், "புதுப் பேயி. பழகலை."

டைரக்டர் சிரிக்கவில்லை. "பிலிம் கொஞ்சந்தான் இருக்கு. இந்தத் தடவையும் குதிச்சா வேற பொண்ணைப் போட்டுடுவேன்."

பயத்தில் கால் தானாகக் களத்து வேலையைச் செய்தது. தூக்காமல், தேய்த்துக்கொண்டே போனேன். நெல்லைத் தள்ளுகிற மாதிரி மேல் மணலைத் தள்ளினால் அடி மணலில் அவ்வளவு சூடில்லை. முகத்தை மட்டும் பேயாக வைத்துக்கொண்டேன். கட் சொல்ல மறந்துபோய் டைரக்டர் பார்த்துக்கொண்டே நின்றார்.

படம் வரும்வரை களத்து வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். பிறகு அது செங்கல்பட்டு டூரிங் டாக்கீஸுக்கு வந்தது. கதைக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. ஆனால் பேய் வருகிற இடத்தில் புடவை காலை மறைத்துவிட்டது. ஆள் நடக்கவே இல்லை, மிதந்து வந்தாள். அதைப் பார்க்கவே ஜனங்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். படம் விட்டதும் இளவட்டங்கள் காலைத் தேய்த்துக்கொண்டே வெளியே போனார்கள்.

அம்மா மில் பெண்களோடு சாயங்கால ஆட்டத்துக்கு வந்தாள். நான் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். திரையில் பேய் வந்தது. கொட்டகையே மூச்சு விடவில்லை. அம்மா மட்டும் கத்தினாள்.

"அடியே, இது நெல்லு தொழாவுற நடைடி!"

முன்னால் இருந்த ஆள் திரும்பினான். "சத்தம் போடாத ஆயா. பேயி இன்னா உன் வூட்டுப் பொண்ணா?"

"ஆமாய்யா. என் வூட்டுப் பேயிதான். இன்னான்ற?"

ஆட்டம் முடிந்து அம்மா என்னோடு வீட்டுக்கு நடந்தாள். வாசலில் செருப்பை விடும்போது என் காலைப் பார்த்தாள்.

"நாளைக்கு களத்துக்கு வராத" என்றாள். "காலு கெட்டுப்பூடும்."