மட்கார்டுக்குள் ஒட்டிய குங்குமம்

இரண்டு வருடத்துக்கு முந்தைய தை மாதம். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் வீடு. என் நாத்தனாரை, அதாவது என் கணவரின் தங்கையை, கீழ்பென்னாத்தூரில் கொடுத்திருக்கிறோம். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். அதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. அதனால் இந்த முறை அவள் தும்மினால்கூட இரண்டு குடும்பமும் எழுந்து நின்றது. வளைகாப்பு முடிந்ததும் அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் பொறுப்பு. "உடம்பு குலுங்காமக் கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

இந்தக் 'குலுங்காம' என் கணவர் தலைக்குள் புகுந்துகொண்டது. எங்கள் காரின் டயர்கள் வழுக்கையாகி, மாற்றும் நேரம் வந்திருந்தது உண்மைதான். ஆனால் கம்பெனி கொடுத்த அளவையே அவர் வாங்கவில்லை. போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து, அகலமான டயர் போட்டால் ரோட்டை நன்றாகப் பிடிக்கும், மேடு பள்ளம் தெரியாது என்று முடிவு கட்டினார். ரிம் பழையதுதான், டயர் மட்டும் அகலம் ஜாஸ்தி. பார்க்கக் கம்பீரமாக இருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. மாட்டிக்கொண்டு வந்த அன்று வாசலில் நின்று காரையே பார்த்துக்கொண்டிருந்ததில் தெரிந்துகொண்டேன்.

"மாட்டலாம் சார். ஆனா ஃபுல் லோடு ஏத்தி ஒருவாட்டி ஓட்டிப் பாத்துடுங்க" என்று டயர் கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். இவரும் ஓட்டிப் பார்த்தார். எப்படி? தனியாளாக, விடியற்காலையில், கிரிவலப் பாதையில் மலையை ஒரு சுற்று. சோதனைக்குச் சோதனை, புண்ணியத்துக்குப் புண்ணியம். "வெண்ணெய் மாதிரி போவுது" என்று வந்து சொன்னார். எங்கள் ஊரில் நல்ல காரியம் எதையும் மலையைச் சுற்றிவிட்டு ஆரம்பிப்பது வழக்கம். அந்தச் சுற்றில் காரில் பாரமே இல்லை என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

வளைகாப்பு அன்று காலை, புது டயருக்குப் பொட்டு வைக்காமல் காரை எடுக்கக் கூடாது என்று என் மாமியார் நின்றுவிட்டார். அத்தை எதையும் கொஞ்சமாகச் செய்ய மாட்டார். சந்தனத்தைக் குழைத்து, குங்குமத்தை அள்ளி, ஒவ்வொரு டயரிலும் வட்டம் முழுக்க அப்பினார். "போதும் அத்தை, கல்யாணப் பொண்ணுக்கே இவ்வளவு வைக்க மாட்டாங்க" என்றேன். "உனக்கு எல்லாமே கம்மியா இருக்கணும்" என்றார். நான்கு எலுமிச்சம்பழம் நசுங்கியது, கிளம்பினோம்.

முன்னால் நாங்கள் இருவர், பின்னால் அத்தையும் இரண்டு சொந்தக்காரப் பெண்களும், டிக்கியில் சீர்வரிசைத் தட்டுகளும் கலந்த சாதப் பாத்திரங்களும். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் பின்பக்கத்திலிருந்து 'கர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. "இன்னாங்க அது?" என்று கேட்டேன். "புது ரப்பர். கொஞ்ச நாள் அப்படித்தான் கத்தும்" என்றார். பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வளைகாப்பு நன்றாகவே நடந்தது. நாத்தனார் இரண்டு கை நிறைய வளையலோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கணவர் அவள் மாமனாரை வெளியே அழைத்துப்போய்க் காரைக் காட்டினார். "டயரப் பாருங்க மாமா. வயித்துல இருக்கிற புள்ளைக்குக்கூடத் தெரியாது, அப்படிப் போவும்" என்று சொன்னது உள்ளே இருந்த எனக்கே கேட்டது.

ராகு காலத்துக்கு முன்னால் வாசல் தாண்ட வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். எங்களோடு வந்த சொந்தக்காரப் பெண்கள் இருவரும் இடம் விட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். ஆனால் சம்மந்தி வீட்டில் வெறுங்கையோடு அனுப்புவார்களா? டிக்கியில் ஒரு மூட்டை அரிசி, ஒரு மூட்டை மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்), அதன்மேல் நாத்தனாரின் பெட்டிகள். நான் கடைசியாக ஒரு தட்டை உள்ளே திணிக்கும்போது, பிடிமானத்துக்குப் பின்சக்கரத்தின் மேலே மட்கார்டின் விளிம்பில் கை வைத்தேன். கையை எடுத்தால் விரல் சிவப்பு. வளையல் உடைந்து வெட்டிவிட்டதோ என்று பார்த்தேன். ரத்தமில்லை, குங்குமம்.

பட்டுப்புடவையோடு அப்படியே குந்தி உட்கார்ந்து பார்த்தேன். மட்கார்டின் உள்பக்கம், மடித்த தகட்டு விளிம்பு நெடுக, சந்தனமும் குங்குமமும் கோடாக இழுத்திருந்தது. டயரின் ஓரத்தில் அத்தை அப்பிய பொட்டு ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் கத்தியால் கீறியது போலச் சுற்றிலும் ஒரு கோடு. மூட்டைகள் ஏறிய பிறகு, டயருக்கும் தகட்டுக்கும் நடுவில் என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. காலையில் கேட்ட 'கர்ர்' எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. இந்தச் சக்கரத்துக்கு நேர் மேலேதான் நாத்தனார் உட்காரப் போகிறாள்.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தார். முகம் மாறியது. ஆனால் சொன்னது இதுதான்: "மெதுவா ஓட்டிக்கிறேன். இப்பப் போயி வாயத் தொறக்காத."

அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு மணி நேரம் முன்புதான் சம்மந்தியிடம் டயர் புராணம் பாடியிருந்தார். என் நிலையும் லேசில்லை. பல வருடம் காத்திருந்து பிள்ளைத்தாய்ச்சியாக வாசல் தாண்டுகிறாள், ஆரத்தி எடுத்தாயிற்று, நல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நிமிடத்தில் வீட்டு மருமகள் 'இந்தக் காரில் ஏற வேண்டாம்' என்று சொன்னால் அது அபசகுனம். பிறகு அவளுக்கு லேசாகத் தலைவலி வந்தால்கூட என் வாயைத்தான் சொல்வார்கள். நாத்தனாரோ ஒரு காலைக் காருக்குள் வைத்துவிட்டாள்.

எனக்குத் தோன்றியது ஒன்றுதான். "அத்தை, ஒரு நிமிஷம் வாங்க. இங்க உள்ளயும் நீங்களா பொட்டு வெச்சீங்க?" என்று கேட்டேன்.

அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "அங்க எப்படிம்மா கை போவும்? நான் வைக்கலியே" என்றார். மறுபடியும் பார்த்தார். எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கும் போய்ப் பார்த்தார். அங்கேயும் அதே சிவப்புக் கோடு. நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"யாரும் வைக்கல. அம்பாளே வந்து வெச்சிருக்கா. இந்த வண்டி வேணாம்னு சொல்றா. எம்பொண்ண எறக்குங்க."

சம்மந்தியம்மாவும் வந்து குனிந்து பார்த்தார், உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். சம்மந்தி உடனே பக்கத்து வீட்டுக்கு ஆள் அனுப்பினார். பக்கத்து வீட்டுக்காரரின் கார் வந்தது. கம்பெனி மாட்டிக் கொடுத்த அதே ஒல்லி டயர். இன்னொரு தடவை ஆரத்தி சுற்றி நாத்தனாரை ஏற்றினார்கள். மூட்டைகளும் அதிலேயே போயின. காலிக் காரை என் கணவர் தனியாக மெதுவாக ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தார். அவர் மானமும் தப்பியது. அம்பாள் வேண்டாம் என்ற வண்டியைப் பற்றி யார் கேள்வி கேட்பார்கள்?

மறுநாள் டயர் கடைக்கு நானும் போனேன். சக்கரத்தைக் கழற்றிக் கீழே போட்டார்கள். என் கணவர் அந்தக் கீறலில் நகத்தை விட்டுப் பிரித்தார். ரப்பர் வாய் பிளந்தது. உள்ளே டயரின் நூல் வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு பக்கம் பாதி நூல் அறுந்தே போயிருந்தது. அவர் விரலை எடுக்கவேயில்லை. "தங்கச்சி குலுங்கக் கூடாதுன்னுதான போட்டேன்" என்று டயரிடம் சொல்வது போலச் சொன்னார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது. பழைய அளவு டயரையே மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

நாத்தனாருக்குப் பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது. அத்தை அந்தக் கதையைத் தெருவில் சொல்லாத ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் டயருக்கு வைத்த கையோடு மட்கார்டின் உள்ளேயும் எட்டி ஒரு பொட்டு வைக்கிறார். இப்போது கை நன்றாகவே போகிறது. அதைப் பார்க்கும்போது என் கணவர் என்னைப் பார்ப்பார், நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

நான் அன்று பொய் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன். பதிலை அத்தை சொன்னார். தகடு தேய்த்து ஒட்டிய குங்குமம் என்று அவருக்கு விளக்கலாம் என்று எப்போதாவது வாய் வரைக்கும் வரும். அந்த நேரம் பார்த்து அந்தப் பெண் குழந்தை என் மடியில் ஏறி, நெற்றியில் அத்தை அப்பிவிட்ட குங்குமத்தை என் புடவையில் தேய்க்கும். நான் வாயை மூடிக்கொண்டு துடைத்துக்கொள்வேன்.