அங்கன்வாடியில் கேட்ட கிலுகிலுப்பைச் சத்தம்

இந்த மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே உள்ள ஒரு சிற்றூருக்கு இரண்டாவது முறையாகச் சென்று வந்தேன். நேரம், கட்டணம், தொலைவு ஆகியவற்றை வழக்கம்போல் குறித்திருக்கிறேன். ஊரின் பெயரை மட்டும் எழுதவில்லை. சென்ற ஆண்டு அந்தப் பெயரை வெளியிட்டதால் நேர்ந்ததைச் சரிசெய்வதற்காகத்தான் இந்தப் பயணமே மேற்கொள்ளப்பட்டது.

புதிய வாசகர்களுக்காகச் சில வரிகள். ஆவி நடமாட்டம் இருப்பதாகச் சொல்லப்படும் இடங்களுக்குக் கருவிகளோடு சென்று பார்ப்பதில் ஆர்வமுள்ள பதினொரு பேர் கொண்ட குழு எங்களுடையது. தொடங்கியவர் கோவளத்தில் ஒலிபெருக்கி வாடகைக் கடை நடத்தும் ஜெரால்டு. நான் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிபவன். குழுவில் சேர்ந்த இரண்டாம் மாதமே பதினேழு விதிகளை எழுதித் தந்தேன். அவற்றுள் ஒன்பதாவது முக்கியமானது: பதிவு நடக்கும்போது தாம் எழுப்பும் ஒலி இருமலோ நாற்காலிச் சத்தமோ எதுவானாலும், அதை அந்தக் கணமே உரக்கச் சொல்லிக் குறிப்பேட்டிலும் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னர் ஒலிப்பதிவைக் கேட்கும்போது எது நம்முடையது, எது நம்முடையதல்ல என்று பிரிக்க இயலாது. இன்னொன்று, நாங்கள் இரவில் போவதில்லை. நம் ஊர்களில் உச்சிவேளையும் பேய்க்கு உரிய நேரம்தான். காந்தப்புல மீட்டரின் முள்ளைப் படிக்க வெளிச்சமும் இருக்கும்.

சென்ற ஆண்டு நாங்கள் போனது அந்த ஊரின் ஏரிக்கரையை ஒட்டியிருக்கும் அங்கன்வாடிக்கு. எப்போதோ ஒரு குழந்தை ஏரியில் தவறி விழுந்து இறந்ததாகவும், உச்சிவேளையில் அந்தக் கட்டடத்தில் ஏதோ சத்தம் கேட்பதாகவும் ஒருவர் எழுதியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல் மூவர் உள்ளே அமர்ந்தோம். அப்போது எதுவும் கேட்கவில்லை. பிறகு ஜெரால்டு பதிவைப் பெரிதாக்கிக் கேட்டபோது, இருபத்தேழாவது நிமிடத்தில் நான்கு விநாடிகள் ஒரு சத்தம் இருந்தது. குழந்தையின் கிலுகிலுப்பையை யாரோ மெல்ல ஆட்டுவதுபோல. மூவரின் குறிப்பேடுகளிலும் அந்நேரத்துக்கு எதுவும் எழுதப்படவில்லை. காணொளியாக வெளியிட்டோம். எங்கள் பதிவுகளிலேயே அதிகம் பரவியது அதுதான்.

ஓராண்டு கழித்து அந்த மையத்தின் பணியாளர் கஸ்தூரி ஜெரால்டைத் தொலைபேசியில் அழைத்தார். மையத்தில் இருந்த பத்தொன்பது குழந்தைகளில் இப்போது வருவது நான்கு பேர். இந்த மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, எண்ணிக்கை இப்படியே இருந்தால், மூன்று கிலோமீட்டர் தள்ளி நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கும் மையத்தோடு இதைச் சேர்த்துவிடுவார்களாம். “பேய நீங்கதான் வர வெச்சீங்க, நீங்களே வந்து இல்லன்னு சொல்லிட்டுப் போங்க” என்றாராம்.

ஊரப்பாக்கத்தில் காலை 7:52 மின்தொடர் வண்டியைப் பிடித்தேன். செங்கல்பட்டுக்குக் கட்டணம் பத்து ரூபாய், முப்பத்தெட்டு நிமிடம். சிங்கப்பெருமாள் கோயில் வரை நிற்க வேண்டியிருந்தது. ஞாயிறு ஷிப்டுக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கியதும் பெட்டி காலியாகிவிட்டது. செங்கல்பட்டில் இரண்டு இட்லி, ஒரு வடை, காபி: எழுபது ரூபாய். வடை நேற்றையது என்பது என் ஐயம். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் 9:05 பேருந்தில் ஐம்பது நிமிடம் பயணித்து ஒரு கூட்டுரோட்டில் இறங்கினேன். ஜெரால்டு கருவிகளோடு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக இருசக்கர வண்டியில் நேரே வந்துவிட்டார்.

கூட்டுரோட்டிலிருந்து ஊர் இரண்டரை கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். அங்கன்வாடி என்றதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“பேய் கீதே, அந்த அங்கன்வாடியா? போன மாசம்கூட நாலு காலேஜ் பசங்க வந்து செல்ஃபி எடுத்துகினு போனானுங்க. நீ இன்னா சார், பேய் டிபார்ட்மென்டா?”

ஒரு வகையில் அப்படித்தான் என்றேன்.

“எங்க அண்ணன் பொண்ணு அங்கதான் போய்க்கினு இருந்துச்சு. இப்ப வூட்லயே குந்திகினு அவங்கம்மாவ பேஜார் பண்ணுது” என்றார்.

அங்கன்வாடி ஒரே அறை, பக்கத்தில் சமையலறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சுவரில் அ முதல் ஃ வரை வரைந்திருக்கிறார்கள். கிளியின் மூக்கு மட்டும் குழந்தைகளின் கைபட்டு அழிந்திருக்கிறது. கஸ்தூரி வாசலில் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். வணக்கம் சொல்லும் முன்பே சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டினார்.

“சாவி இதோ கீது, என் இடுப்புலதான் இருக்கும். போன வருசம் யார கேட்டு சார் உள்ள போனீங்க?”

ஊர்ப் பிரமுகர் ஒருவர் மாற்றுச் சாவி தந்ததாகச் சொன்னேன். பொறுப்பாளரின் எழுத்துவழி அனுமதி வேண்டும் என்பது எங்கள் இரண்டாவது விதி. அதை எழுதியவன் நான் என்பதை அப்போது அவரிடம் சொல்லவில்லை.

உள்ளே ஏழு தாய்மார்கள் பாயில் அமர்ந்திருந்தார்கள். நண்பகல் 12 முதல் 1 வரை அமைதியாகப் பதிவுசெய்து, முடிவை எழுதித் தருவதாக விளக்கினேன்.

“இல்லன்னு எழுதுவீங்களா?” என்றார் கஸ்தூரி.

“அப்படி எழுதுவது எங்கள் முறையல்ல. இன்று பன்னிரண்டு முதல் ஒரு மணிவரை எதுவும் பதிவாகவில்லை என்றுதான் எழுத முடியும்.”

“அப்போ ஒண்ணேகாலுக்கு வருமா?” என்றார் முன்வரிசையில் இருந்த ஒரு பெண். பெயர் தேவி; அவருடைய மகனுக்கு நான்கு வயது. எல்லோரும் சிரித்தார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது.

பதிவின்போது அவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்றேன். அதற்கும் தேவிதான் பதில் சொன்னார்: “எங்க புள்ளைங்க படுத்துத் தூங்குற எடம் சார். நாங்க இங்கதான் குந்துவோம். நீ வேணா வெளிய போ.”

சென்ற ஆண்டைப் போலவே 12:03-க்குத் தொடங்கினோம். பத்துப் பேரும் பேசாமல் இருந்தோம். 12:21-க்குக் கிழக்கு ஜன்னல் கதவு தானாக அடித்துக்கொண்டது. இரண்டு பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்தார்கள். வெப்பமானி ஒன்றரை டிகிரி இறங்கியது. சென்ற ஆண்டும் ஏறக்குறைய இதே நேரத்தில் இதே இறக்கம். அன்றைய குறிப்பேட்டில் ‘காரணம் தெரியவில்லை’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

“கடல் காத்து சார். தெனம் இந்நேரத்துக்குக் கெளம்பும். அந்தக் கொக்கி ஒடஞ்சு மூணு வருசமாச்சு” என்றார் கஸ்தூரி. குறித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சென்ற ஆண்டே தெரிந்திருக்கும் செய்தி.

மீண்டும் அமைதி. நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் தேவி வீறிட்டார்: “அதே சத்தம்! டீச்சர், அதே சத்தம்!”

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒருவர் வாசலுக்கே ஓடிவிட்டார். அந்தக் காணொளியை நூறு முறை பார்த்தவர்கள் அவர்கள். அந்தச் சத்தம் அவர்களுக்கு மனப்பாடம். கஸ்தூரி மட்டும் அசையாமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், அது இன்னா கைல?”

மாத்திரை டப்பா. வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு அறைகள் கொண்ட சிறிய பிளாஸ்டிக் டப்பா. இரத்த அழுத்தத்துக்காக நாள்தோறும் 12:30-க்கு, என் அலுவலக உணவு இடைவேளை தொடங்கும் நேரத்தில், ஒரு மாத்திரை போடுகிறேன். மூடி இறுக்கமானது. கட்டைவிரலால் தள்ளும்போது இரண்டு முறை குலுங்கும், சற்று நின்று மீண்டும் ஒரு முறை.

இங்கே நான்காவது விதியைச் சொல்லியாக வேண்டும். தொடர்ந்து மருந்து எடுத்துக்கொள்பவர் பதிவில் அமரக் கூடாது. மருந்து புலன்களைப் பாதிக்கக்கூடும். அதையும் நானே எழுதினேன். சென்ற ஆண்டு அந்தப் பதிவுக்கு ஒன்பது நாள் முன்புதான் மருத்துவர் எனக்கு மாத்திரை தொடங்கினார். குழுவிடம் சொன்னால் வெளியே அமர வேண்டும். சொல்லவில்லை. சொல்லாததால், டப்பா எழுப்பிய ஒலியையும் உரக்க அறிவிக்க முடியவில்லை. குறிப்பேட்டில் எழுதவும் முடியவில்லை. பின்னர் ஜெரால்டு அந்தச் சத்தத்தைக் கேட்கச் செய்தபோது எனக்கு நினைவு வந்ததா என்று வாசகர்கள் கேட்கலாம். வரவில்லை. குறிப்பேட்டைப் புரட்டினேன், அதில் இல்லை, எனவே நான் இல்லை என்றேன். நினைவு வராதபடி நானே பார்த்துக்கொண்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

டப்பாவை அவர்களிடம் நீட்டி, அது என்ன என்று சொன்னேன்.

“பேய்க்குப் பிரஷரா?” என்றார் தேவி. அதன்பின் அந்த அறையில் எழுந்த சிரிப்பை அளக்க எங்களிடம் கருவி இல்லை. கஸ்தூரி மட்டும் சிரிக்கவில்லை. “ஒரு வருசம் சார்” என்றார். அவ்வளவுதான்.

ஜெரால்டு என்னை வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். “சார், அந்த வீடியோ பாத்துதான் நம்ம பேஜ்ல இவ்ளோ பேர் சேந்தாங்க. ‘சத்தத்துக்கு விளக்கம் கெடச்சுது’ன்னு பொதுவா போட்டுக்கலாம். உங்க பேர் எதுக்கு இழுத்துக்கினு?”

உண்மையைச் சொல்வதானால், அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. பிழையற்ற வாக்கியம். யார் செய்தது என்பதே அதில் இல்லை. திரும்பி அறைக்குள் வரும்வரை அதை ஒப்புக்கொண்டவனாகத்தான் இருந்தேன். ஆனால் உள்ளே ஒரு பெண், “டப்பா இன்னிக்கு சரி, போன வருசமும் அதேதானா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பொதுவான வாக்கியம் அவருக்குப் பதிலாகாது.

எனவே சோதித்தோம். ஜெரால்டு பழைய பதிவை மடிக்கணினியில் ஓட்டினார். நான் ஆறு முறை மூடியைத் தள்ளினேன், ஆறும் பதிவாயின. இரண்டு குலுக்கல், இடைவெளி, ஒரு குலுக்கல். திரையில் பழைய ஒலியலைக் கோடும் புதிய கோடும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின. நான் ஓர் அறிக்கை எழுதத் தொடங்கினேன். இரண்டாவது பக்கத்தில் தேவி நிறுத்தினார்.

“பேப்பர யார் சார் படிப்பாங்க? வீடியோல வந்துச்சு, வீடியோலயே போவட்டும்.”

தேவியே தன் கைபேசியில் எடுத்தார். முதல்முறை நான் பேசியதைப் பாதியில் அணைத்துவிட்டார். “நியூஸ் வாசிக்காத சார். நேரா சொல்லு.” இரண்டாம் முறையும் ‘ஒலியின் மூலம்’ என்ற சொல் வந்துவிட்டது. மூன்றாம் முறை, என் பெயரைச் சொல்லி, டப்பாவைக் காட்டி ஆட்டிவிட்டுச் சொன்னேன்: “இங்க பேய் எதுவும் கத்தல. சத்தம் போட்டது நான். அத மறைச்சதும் நான்.” தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு 1:48-க்குச் சென்றது. எங்கள் பக்கத்திலும் அன்று மாலையே வெளியிட்டோம், பழையதை நீக்கினோம். ஜெரால்டு மறுக்கவில்லை; மாமல்லபுரம்வரை வண்டியில் என்னோடு பேசவும் இல்லை. அங்கே சாப்பாடு நூற்றிருபது ரூபாய். சாப்பிட்டு முடித்தபின், “ரசம் நல்லா இருந்துச்சு சார்” என்றார். நாங்கள் சமாதானமாகிவிட்டோம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான்காவது விதிப்படி நான் இனிப் பதிவுகளில் அமர்வதில்லை. எனக்குப் பிறகு எழுதப்பட்ட பதினெட்டாவது விதி ஜெரால்டுடையது: ஓர் இடத்தைப் பற்றி எதை வெளியிடும் முன்பும், அங்கே அன்றாடம் புழங்குகிறவருக்கு முதலில் போட்டுக் காட்ட வேண்டும். என் பதினேழையும்விடச் சிறந்தது.

பழைய காணொளியைப் பார்த்தவர்களில் மிகச் சிலரே புதியதைப் பார்த்திருக்கிறார்கள். திங்கட்கிழமை ஒன்பது குழந்தைகள் வந்ததாகக் கஸ்தூரி செய்தி அனுப்பினார். வெள்ளியன்று பதினொன்று. தேவியின் மகன் அதில் இல்லை. காரணம் கேட்டு அழைத்தேன். “டப்பாதான் சார், தெரியும். நான்தானே வீடியோ புடிச்சேன். ஆனா ஒரு வருசமா அந்தப் பக்கம் போவாதன்னு நானே சொல்லிகினு இருந்தேன். இப்ப நான் போன்னா அவன் போவானா?” என்றார். உண்டா இல்லையா என்று அறியும் ஆர்வம் எனக்கு இன்னும் குறையவில்லை. ஆனால் நான்கு விநாடிச் சத்தம் ஒரு வீட்டில் ஓராண்டு எப்படித் தங்குகிறது என்பதைத்தான் இப்போது அதிகம் யோசிக்கிறேன்.

இதுபோன்ற பயணங்களுக்குத் திட்டமிடுகிறவர்களுக்கு: பகலில் போங்கள். தண்ணீர் இரண்டு லிட்டர் கொண்டுபோங்கள். கூட்டுரோட்டுக்குப் பிறகு கடையில்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, அவரிடமே அனுமதி பெறுங்கள். காற்று, கொக்கி, கூரை பற்றி அவரிடம் விசாரித்தபின் கருவியை எடுங்கள். சட்டைப்பையில் இருப்பதையெல்லாம் முதலில் மேசைமேல் வையுங்கள்.

இந்த ஊர் எது என்று மூவர் எனக்குத் தனியே எழுதிக் கேட்டிருக்கிறார்கள். சொல்வதற்கில்லை. பதிவேட்டைப் பார்க்க இன்னும் ஆறு நாள் இருக்கிறது. பதினொன்றில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. ஒருவேளை நீங்களாகவே கண்டுபிடித்து உச்சிவேளையில் கேமராவோடு அங்கே போய்ச் சேர்ந்தால், கதவைத் தட்டாதீர்கள். 12:30 முதல் 2 மணிவரை உள்ளே குழந்தைகள் தூங்குகிறார்கள்.