மீன் டாக்டர் கத்திய இடம்

அவள் டாக்டர் இல்லை. கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் பதினெட்டு வருஷம் உதவியாளராக இருந்துவிட்டு, அங்கே வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு மைக்ராஸ்கோப்போடு வெளியே வந்தவள். இப்போது அலுவலகங்களிலும் கிளினிக்குகளிலும் இருக்கிற மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறாள். எல்லோரும் மீன் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கோபம் அவளுக்கு மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பாதி நேரம் நியாயமான கோபம்தான். தொட்டிக்குள் பிஸ்கட்டைப் போடுகிறவர்களை என்ன செய்வது? மீன் கொஞ்சம் சோர்ந்தால் போதும், கடையில் கிடைக்கிற நீல மருந்து, மஞ்சள் மருந்து எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றிவிட்டு, "என்னமோ மர்ம வியாதி மேடம்" என்று கண்ணைக் கசக்குவார்கள். "வியாதி மீனுக்கு இல்ல, உங்களுக்குத்தான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். "நீ போற இடத்துல மீனைத் தவிர எல்லாரும் பயந்து சாகறாங்க" என்பார், தையல்காரரான அவள் புருஷன்.

ஒரு விஷயத்தில் அவள் படு கறார். ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வலை, தனி குழாய், தனி வாளி. ஒரு தொட்டியின் வலை இன்னொன்றில் பட்டால், அப்படிச் செய்தவரின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பல் கிளினிக்கிலிருந்து மேனேஜர் போன் பண்ணினார். இரண்டு நாளில் ஐந்து மீன் செத்துவிட்டதாம். போனாள். காத்திருப்பு அறையில் நல்ல கூட்டம். கன்னம் வீங்கிய ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். மீன்கள் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு கற்களில் உரசின, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. உடம்பில் வெள்ளைப் புள்ளி எதுவும் இல்லை. புது மீனும் விடவில்லை, தீனியும் மாற்றவில்லை என்றார் மேனேஜர். அப்போதுதான் தொட்டிக்குப் பக்கத்தில் கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே பாட்டில் கண்ணில் பட்டது.

"இதை யாரு இங்க வெச்சது?"

கிளினிக்கைப் பெருக்கித் துடைக்கிற வாளியம்மா முன்னால் வந்தாள். எந்நேரமும் கையில் வாளி இருப்பதால் அந்தப் பெயர். "நான்தாம்மா. துணியில அடிச்சுத்தான் துடைக்கிறேன். கண்ணாடி மேல அடிக்கறதே இல்ல. போன வருஷம் நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

"பொய் சொல்லாத! விஷத்தைத் தண்ணியில அடிச்சுட்டு எங்கிட்டயே கதை விடறியா? அஞ்சு உசுரு போயிருக்கு. உன் கை பண்ணின வேலைதான் இது!"

அவள் போட்ட கத்தலில் உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிரில் நின்றது. முகமூடியோடு டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். காத்திருந்த அத்தனை பேரும் வாளியம்மாவையே பார்த்தார்கள்.

மறுநாள் தண்ணீர் மாற்றப் போனபோது, வாளியம்மாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாக மேனேஜர் சொன்னார். மீன் டாக்டருக்கு உள்ளே என்னவோ உறுத்தியது. நல்லா வேணும் என்று சொல்லி அதை அடக்கிக்கொண்டாள்.

ஸ்பிரே போயிற்று, வாளியம்மா போனாள், பாதித் தண்ணீரை இரண்டு தடவை மாற்றியாயிற்று. மீன்கள் மட்டும் செத்துக்கொண்டேயிருந்தன.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல இன்சூரன்ஸ் ஆபீஸ் தொட்டிக்குப் போனாள். அங்கேயும் அதே கதை. ஒட்டிய துடுப்பு, உரசல், மூச்சிரைப்பு. இங்கே ஸ்பிரே கிடையாது. வாளியம்மாவும் கிடையாது.

"இது எப்போலேர்ந்து?" என்று ஆபீஸ் பியூனைக் கேட்டாள்.

அவர் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார். "மூணு நாலு நாளாத்தான் இப்படி மேடம். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஆபீசர் வீட்டுலேர்ந்து ரெண்டு மீன் கொண்டுவந்து விட்டாரு. ஒண்ணு செத்துப்போச்சு. நான்தான் தூக்கிப் போட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கத்துவீங்களே மேடம்."

கத்தத்தான் வாயைத் திறந்தாள். அப்படியே மூடிக்கொண்டாள்.

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, தொட்டி விளக்கை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தாள். மீன் உடம்பு முழுக்கத் தங்கப்பொடியைத் தூவிய மாதிரி மினுக்கியது. ஒரு மீனைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, தோலின் வழவழப்பைக் கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். பழுப்பு நிறத்தில் உருண்டை உருண்டையாக ஒட்டுண்ணிகள். வெல்வெட் நோய். மர்மமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கிளினிக்கில் இந்தப் பத்து நிமிஷத்தை அவள் செலவழிக்கவே இல்லை. மைக்ராஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால் கோபத்தை எடுத்துவிட்டாள்.

சரி, ஆபீஸ் நோய் கிளினிக்குக்கு எப்படிப் போனது? வலை தனி, குழாய் தனி. யோசித்துக்கொண்டிருக்கும்போது புருஷன் அவளுடைய பையைத் துழாவி எதையோ இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இந்தச் சனியனைக் காயவே போட மாட்டியா? நாறுது. எந்தத் தொட்டித் தண்ணி இது?"

தோள்வரை ஏறுகிற ரப்பர் கையுறை. விரலிடுக்கில் தோல் உரிகிறது என்று தோல் டாக்டர் சொன்னதால் போன மாதம் வாங்கியது. அதற்கு முன்னால் வெறும் கைதான். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போவாள். திங்கட்கிழமை காலை ஆபீஸ். மதியம் கிளினிக். கையுறையின் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் வலையைக் காயவை என்று உபதேசம் பண்ணினவள் ஈரக் கையுறையை மாட்டிக்கொண்டு நோயை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அவள் கை பண்ணின வேலைதான் அது.

அன்றைக்கே இரண்டு தொட்டிகளுக்கும் விளக்கை அணைத்து, கறுப்புத் துணி போர்த்தி, சூட்டை ஏற்றி, அளந்து மருந்து விட்டாள். அது தெரிந்த வேலை. அடுத்ததுதான் தெரியாத வேலை.

வாளியம்மாவின் வீடு கிளினிக்குக்குப் பின்தெருவில், மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. மறுநாள் காலை போனாள். வாளியம்மா உட்காரச் சொல்லவில்லை. மீன் டாக்டர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

வாளியம்மா கடைசிவரை கேட்டாள். "அது என்ன வியாதின்னு கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆச்சு உங்களுக்கு?"

"பத்து நிமிஷம்."

"மீனுக்காகப் பத்து நிமிஷம் பார்த்தீங்க. எனக்காக ஒரு நிமிஷம் பார்த்திருக்கலாமே. மூணு நாளா வீடு வீடா வேலை கேக்கறேன். மீனைக் கொன்னவளாமேன்னு சிரிக்கிறாங்க."

"மேனேஜர்கிட்ட சொல்லி உங்களைத் திரும்ப—"

"காதுல போய்ச் சொல்லாதீங்க. என்னைத் திட்டினது காதுலயா? அதே இடத்துல சொல்லுங்க. அதே சத்தத்துல."

சாயந்திரம் கூட்டமான நேரம் பார்த்து இருவரும் கிளினிக்குக்குப் போனார்கள். வாளியம்மா வாசற்படியிலேயே நின்றுகொண்டாள். மீன் டாக்டர் தொட்டியருகே போய் நின்றாள். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மீன் செத்தது இந்தம்மாவால இல்ல. என்னாலதான்" என்றாள். இரண்டு பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மேனேஜர் பதறி எழுந்து, "மேடம், ப்ளீஸ், இதெல்லாம் அப்புறம் பேசிக்கலாமே" என்றார். உள்ளே டிரில் ஓடிக்கொண்டே இருந்தது.

வாசலிலிருந்து வாளியம்மா சொன்னாள், "அன்னிக்கு டிரில் நின்னுச்சு."

மீன் டாக்டர் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள். அவளிடம் இருந்ததெல்லாம் அந்தத் தொண்டைதான்.

"நான்தான் கொன்னேன்! என் ஈரக் கையுறைதான் நோயைக் கொண்டுவந்தது! இந்தம்மா துணியில அடிச்சுத்தான் துடைச்சாங்க, நான் சொல்லிக் குடுத்த மாதிரியே! பார்க்காம கொள்ளாம பழியைத் தூக்கி அவங்க தலையில போட்டேன்! பொய் சொன்னது நான்!"

டிரில் நின்றது. டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். வாளியம்மாவைப் பார்த்தார், பிறகு மேனேஜரைப் பார்த்தார். "நாளையிலேர்ந்து வந்துடுங்கம்மா" என்றார்.

"யோசிச்சு சொல்றேன்" என்றாள் வாளியம்மா. அவசரமே இல்லாமல் படியிறங்கிப் போனாள்.