லேமினேஷன் போட்ட பத்திரம்

செராமிக் கம்பெனியில் சுடாத கப்புகளின் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைக்கும் கொளஞ்சியம்மாளை மற்ற பெண்கள் வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வீட்டில் சண்டை என்றாலும், நோட்டரியிடம் போய்ப் பத்திரத்தில் எழுதி வாங்கிவிடு என்பாள். அவளே 2001-இல் வாங்கியவள். குடித்துவிட்டு அடித்த புருஷன் காத்தவராயனும் அவளும், இனி ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை என்று இருபது ரூபாய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நோட்டரி வக்கீல் தேவநாதன் சிவப்பு வில்லை ஒட்டி முத்திரை குத்தினார். அவன் சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். இவள் பத்திரத்தை லேமினேஷன் போட்டு, தாலியைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

ஏழு வருஷம் கழித்து, சூளையில் வேலை பார்க்கும் ஆனந்தராஜ் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். குடிக்காத மனுஷன். ஒரு வாரம் பிகு பண்ணிவிட்டுச் சரி என்றாள். கல்யாணத்தைப் பதியப் போன இடத்தில் குமாஸ்தா லேமினேஷனைப் புரட்டிப் பார்த்து, கோர்ட்டுத் தீர்ப்பு எங்கே என்று கேட்டார். இதுதான் தீர்ப்பு என்று அவள் மல்லுக்கு நின்றாள். அவர் அசையவில்லை.

நேரே தேவநாதனிடம் போனாள். முத்திரை தன்னுடையதுதான் என்று அவர் ஒத்துக்கொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் என் எதுர கையெழுத்துப் போட்டீங்க. அதுக்கு மட்டுந்தாம்மா இது சாட்சி. கல்யாணத்த அறுத்துவுட கோர்ட்டாலதான் முடியும்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்லீங்களா?"

"நீங்க கேக்கலியேம்மா."

அவள் பத்திரத்திலிருந்த முத்திரையைப் பார்த்தாள். கீறல் விட்ட கப்புக்கும் அடியில் கம்பெனி முத்திரை இருக்கும். தினமும் அதைப் பார்க்கிறவளுக்கே புத்தி எங்கே போயிற்று? அவள் பேச்சைக் கேட்டு இதே மாதிரி பத்திரம் வாங்கிய இரண்டு பெண்களின் முகம் வேறு கண்ணில் வந்து நின்றது.

இப்போது மனுப் போடலாம் என்றார் தேவநாதன். காத்தவராயனுக்கு நோட்டீசு போக வேண்டும், விலாசம் வேண்டும். எவன் கண்ணில் படக்கூடாது என்று அவள் ஏழு வருஷமாகச் சேத்தியாத்தோப்புப் பக்கமே போகவில்லையோ, அவனை இனி அவளே தெருத் தெருவாக விசாரிக்க வேண்டும்.

தேவநாதன் ஒரு தாளை எடுத்து அவள் பெயரை எழுதினார். அடுத்து நிமிர்ந்து, புருஷன் பெயரைக் கேட்டார்.

கொளஞ்சியம்மாள் வாசலைப் பார்த்தாள். ஆனந்தராஜ் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தான். அவன் காதில் விழாமல், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"காத்தவராயன்."