பேங்க் சம்மதிக்காவிட்டால்

ஓசூரில் இருபத்தெட்டு வருடம் ஆவண எழுத்தராக இருந்தேன். எழுதிய பத்திரத்தைக் கையெழுத்துக்கு முன் ஒரு வரி விடாமல் சத்தமாக வாசித்துக் காட்டுவது என் பழக்கம். மேடம் காலட்சேபத்தை ஆரம்பித்துவிட்டார் என்று பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கேலி செய்வார்கள். செய்யட்டும். அந்தக் காலட்சேபம் ஒரு குடும்பத்தின் பணத்தையும் இன்னொருவரின் மானத்தையும் காப்பாற்றியது. அதைப் பெருமையாகவே சொல்லப் போகிறேன், அடக்கமெல்லாம் எனக்கு வராது.

1. வெள்ளிக்கிழமை, ஒன்பதே முக்கால்

நாலு பேர் வந்தார்கள். வீடு வாங்குபவர் இசக்கிமுத்து, திருநெல்வேலிப் பக்கம், சிப்காட்டில் ஒரு டை காஸ்டிங் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். அவர் மனைவி உமா. விற்பவர் முனிராஜு, வீட்டில் தெலுங்கு பேசும் உள்ளூர்க்காரர். லேத் பட்டறை வைத்திருந்தார். ஆர்டர் நின்றுபோனதில் வீட்டுக் கடனைக் கட்ட முடியவில்லை. நாலாவது ஆள் தரகர் நாகேஷ்.

ராயக்கோட்டை ரோட்டில் இருந்த அந்த வீட்டின் விலையைக் கடன் பாக்கி தாண்டிவிட்டது. இசக்கிமுத்து தரும் விலையை வாங்கிக்கொண்டு, மீதியைத் தள்ளுபடி செய்து, பேங்க் பத்திரத்தை விடுவிக்க வேண்டும். ஒன் டைம் செட்டில்மென்ட், சுருக்கமாக ஓடிஎஸ். இதில் முனிராஜு கைக்கு ஒரு ரூபாய் வராது. ஆனால் ஏல நோட்டீஸில் பேர் போட்டு பேப்பரில் வராது. அவருக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

நாகேஷுக்கு ஒரே அவசரம். பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் தாம்பூலத் தட்டில் அட்வான்ஸ் கைமாற வேண்டும். எங்கள் பக்கத்தில் நேரம் பார்க்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். ஆனால் அந்த நேரத்துக்குள் முடிக்க வேண்டுமென்று, எழுதியதைப் படிக்காமலேயே கையெழுத்துப் போடுவார்கள். மேனேஜர் போனில் சரியென்று சொல்லிவிட்டார், வேறென்ன வேண்டும் என்றார் நாகேஷ். நானும் கம்ப்யூட்டரில் கிடந்த வழக்கமான அக்ரிமென்டில் பெயர்களை மட்டும் மாற்றிப் பிரின்ட் எடுத்துவிட்டேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

வாசிக்க ஆரம்பித்தேன். தொண்ணூறு நாளுக்குள் கிரயம் செய்துகொள்ளத் தவறினால் வாங்குபவர் முன்பணத்தை இழப்பார் என்ற வரி வந்ததும் உமா குறுக்கிட்டார்.

"பேங்க் லெட்டர் லேட்டா வந்தா, அதுவும் நாங்க தவறுனதா ஆயிருமா மேடம்?"

நாகேஷ் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அட்வான்ஸ், இசக்கிமுத்து ஊரில் தன் பங்கு நிலத்தை விற்று எடுத்துவந்த பணம். அது போனால் இந்த ஊரில் அவர்களுக்குச் சொந்த வீடு என்பது கனவுதான். கிளை மேனேஜருக்கோ தள்ளுபடி செய்யும் அதிகாரமே கிடையாது. சம்மதம் மேலிடத்திலிருந்து எழுத்தில் வர வேண்டும். பிரின்ட் எடுத்த தாளை நாலாகக் கிழித்துப் போட்டேன்.

"பன்னெண்டு மணிக்கு ராகு காலம் முடிஞ்சிரும். அதுக்கப்புறம் எழுதிக்கலாம். அதுவரைக்கும் நான் பேங்குக்குப் போயிட்டு வரேன்," என்றேன். நாகேஷின் முகம் சுண்டிப்போனது.

2. மூன்று வழிகள்

மதியம் புதிதாக எழுதினேன். அட்வான்ஸ் முனிராஜு கைக்குப் போகாது. பேங்கிலேயே நோ லீன் அக்கவுண்ட் என்ற தனிக் கணக்கில் இருக்கும். சம்மதம் வரும்வரை பேங்க் அதைக் கடனில் கழித்துக்கொள்ள முடியாது.

தொண்ணூறு நாளில் சம்மதக் கடிதம் வராவிட்டாலோ, பேங்க் கூடுதலாகக் கேட்டாலோ, வாங்குபவருக்கு மூன்று வழி வைத்தேன். கூடுதலைக் கொடுத்து வாங்கலாம். முப்பது நாள் அவகாசம் எடுத்து பேங்கிடம் மறுபடி கேட்கலாம். இரண்டும் வேண்டாமென்றால் அட்வான்ஸை முழுசாகத் திரும்ப வாங்கிக்கொண்டு விலகலாம். இரண்டு தடவை வாசித்துக் காட்டி, முனிராஜுவுக்குத் தெலுங்கிலும் சொன்னேன். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

3. எண்பத்தாறாம் நாள்

பேங்க் கடிதம் வந்தது. மூன்று லட்சம் கூடக் கேட்டிருந்தார்கள். பணத்தைக் கட்டு, இல்லையென்றால் அட்வான்ஸ் போச்சு என்று நாகேஷ் போனில் மிரட்டியிருக்கிறார். உமா அக்ரிமென்டை எடுத்துப் போனிலேயே அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. மூன்று லட்சத்துக்கு அவர்களிடம் வழியில்லை. விலகல் கடிதம் தயார் செய்யச் சொன்னார்கள்.

அன்று மாலையே முனிராஜு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"நீங்க எழுதுன வரிதானேம்மா அவங்கள வெளிய அனுப்புது. என் பேரு பேப்பர்ல வந்துரும்."

எனக்குச் சுருக்கென்றது. ஒருவரைக் காப்பாற்ற எழுதிய வரி இன்னொருவரைத் தெருவில் நிறுத்தினால் அது என்ன எழுத்து? பேங்கின் மதிப்பீட்டு அறிக்கை நகல் இருக்கிறதா என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் மாடியில் இரண்டு அறை என்று போட்டிருந்தது. மாடியில் எங்கே அறை, நாலு தூணோடு வேலை நின்றுபோச்சு என்றார் முனிராஜு. மதிப்பீடு செய்ய வந்த மகராசன் படியேறிப் பார்க்கவே இல்லை. இல்லாத அறைகளுக்கும் விலை போட்டுத்தான் பேங்க் மூன்று லட்சம் கூடக் கேட்டிருக்கிறது.

உடனே இசக்கிமுத்துவுக்குப் போன் போட்டேன். விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம், இரண்டாவது வழி இருக்கிறது, முப்பது நாள் காத்திருந்தாலும் உங்கள் பணம் பத்திரமாக இருக்கும் என்றேன். அவர் போனை மனைவியிடம் கொடுத்தார்.

"பணம் போவாதுன்னா இருக்கோம் மேடம். அவுகளும் பாவம்தான," என்றார் உமா.

தூண்களைப் போட்டோ எடுத்து, மனு எழுதிக் கொடுத்தோம். புதிதாக ஒருவர் வந்து மாடி ஏறிப் பார்த்தார். அந்த முப்பது நாள் அவகாசத்தில் இருபத்துநாலாம் நாள், பழைய விலைக்கே சம்மதம் என்று எழுத்தில் வந்தது. அதற்கடுத்த வாரம் கிரயம் பதிவானது. பேங்கின் வக்கீல் அக்ரிமென்டைப் புரட்டிவிட்டு, எழுதியது யார் என்று விசாரித்தார். கூச்சப்படாமல் கையைத் தூக்கினேன்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். வெளியேற வழி வைத்து எழுதினால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று தரகர்கள் பயமுறுத்துவார்கள். நம்பாதீர்கள். பணம் பத்திரமாக இருந்ததால்தான் இசக்கிமுத்துவும் உமாவும் பதறாமல் காத்திருந்தார்கள். அவர்கள் காத்திருந்ததால்தான் முனிராஜுவும் தப்பித்தார்.

இரண்டு மாதம் கழித்து முனிராஜு வாடகை அக்ரிமென்ட் எழுத வந்தார். கெலமங்கலத்தில் வாடகைக்கு வீடு பார்த்திருந்தார். கூட வந்த வீட்டுக்காரர் பஸ்ஸுக்கு நேரமாகிறது, வாசிப்பதெல்லாம் எதற்கு என்று பேனாவைத் திறந்தார். முனிராஜு அந்தப் பேனாவை வாங்கி மூடி மேஜைமேல் வைத்தார்.

"காலி பண்ற எடம் வருதில்ல, அத மட்டும் ரெண்டு தரம் வாசிங்கம்மா," என்றார்.

வாசித்தேன்.