ஒரு மடக்கு பீரும் பாதிக் கயிறும்

தல்லாகுளத்தில் ஒரு ஓட்டல் பாரில் மூன்று வருஷமாகப் பரிமாறுகிறான் சூரியபிரகாஷ். எழுமலைப் பக்கத்து ஆள். அவன் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆளும் அவன்தான். பசுமலையில் அறை எடுத்துத் தங்கி, ஓட்டல் நிர்வாகம் படித்துப் பட்டம் வாங்கினான். தட்டு எடுக்கிறதுக்கும் டிகிரியா என்று ஊரில் இளக்காரமாகக் கேட்டவர்கள் உண்டு. இன்றைக்கு அவர்கள் பிள்ளைகளுக்குக் காலேஜ் ஃபாரம் நிரப்பிக் கொடுப்பது அவன்தான். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தவன், ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை.

ஆனாலும் அவன் வலது கையில் குடியை விடுகிறவர்கள் கட்டும் கறுப்புக் கயிறு கிடந்தது. அது அப்பா காளையால் வந்தது. அவர் டிராக்டர் ஓட்டுகிறவர். ஆறு மணி ஆனால் கால் தானாகக் கடைப் பக்கம் திரும்பிவிடும். ஒரு தடவை போதையில் டிராக்டரை வாய்க்காலில் இறக்கி உயிர் தப்பினார். அதிலிருந்து அம்மா அன்னக்கொடி, கருப்பசாமி கோயிலில் ஆறு மாசத்துக்காவது கயிறு கட்டு என்று மல்லுக்கு நின்றாள். தனியாகக் கட்டினால் நிலைக்காது, மகனும் கூடக் கட்டினால்தான் ஆச்சு என்று காளை முரண்டு பிடித்தார். பூசாரி சிரித்துக்கொண்டே ஒரே கயிற்றை இரண்டாக நறுக்கினார்.

"ஒருத்தர் தொட்டாலும் ரெண்டு கயிறும் போச்சு. பாத்துக்கங்க."

எழுபத்தோரு நாள் ஓடிவிட்டது. தினமும் ஆறு மணிக்கு அப்பா போன் அடிப்பார். மழை, மாட்டுக்குக் கழிச்சல், பக்கத்து வீட்டுச் சண்டை என்று ஏழு வரை இழுப்பார். ஏழு மணிக்குச் சோற்றைத் தின்று படுத்துவிட்டால் அன்றைய கண்டம் கழிந்தது. மகனுக்கும் ஏழு மணிக்குத்தான் டூட்டி.

அன்றைக்கு நாலு மணிக்கே மேனேஜர் ராயப்பன் கூப்பிட்டுவிட்டார். வெளிநாட்டு பீர் ஒன்று புதிதாக வந்திருந்தது. இறக்குமதிச் சரக்கிலேயே விலை குறைந்தது, வெளுத்த மஞ்சள் நிறம், வாயில் நுழையாத பெயர். பரிமாறுகிறவர்களை மேய்க்கிற கேப்டன் வேலை ஒன்று காலி. சூரியபிரகாஷும் கூடப் பரிமாறுகிற டோனியும் குடித்துப் பார்த்து, வாடிக்கையாளரிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வார்கள் என்று சொல்ல வேண்டும். நன்றாகச் சொல்கிறவன் கேப்டன்.

டோனி ஒரே இழுப்பில் பாதியைக் காலி செய்துவிட்டு, சில்லென்று இருக்கிறது என்றான். அதற்குமேல் அவனுக்குச் சொல்ல வரவில்லை. சூரியபிரகாஷ் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். முகர்ந்தான். கீழே வைத்தான். சட்டைக் கையை இழுத்துக் கயிற்றை மூடினான்.

"வாயில வச்சுத் துப்பிரு மாப்ள. சாமி கணக்குல வராது" என்று டோனி காதைக் கடித்தான்.

அது ராயப்பன் காதிலும் விழுந்தது.

"வொயினைத் துப்பலாம் தம்பி. பீரோட கசப்பு தொண்டைக்குள்ள இறங்குனாத்தான் தெரியும். கயிறு கட்டியிருந்தா விடு, டோனியவே போட்டுக்கிறேன்."

டோனி பத்தாவதோடு நின்றவன். அந்த நினைப்புதான் கிளாஸை மறுபடி எடுக்க வைத்தது. ஒரு மடக்கு இறங்கிவிட்டது. வறுத்த தானிய வாசம், மெல்லிய இனிப்பு, கடைசியில் ஒரு கசப்பு, காரமான மட்டன் சுக்காவுக்குத் தோது என்று கடகடவென ஒப்பித்தான். ராயப்பன் தோளில் தட்டினார். ராத்திரியே கேப்டன் கோட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

கோட்டு கைக்கு வந்தும் மனசு நிற்கவில்லை. மொட்டை மாடிக்கு ஏறினான், இறங்கினான். மூன்று தடவை வாய் கொப்பளித்தான். கயிற்றில் நம்பிக்கை இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டான். அப்பாவுக்கு இருக்கிறதே. சொன்னால் அவருக்குக் கடைக்குப் போக ஒரு சாக்கு. சொல்லாவிட்டால் தினமும் ஒரு மணி நேரம் பொய்யோடு பேச வேண்டும். ஆறு மணிக்குப் போன் அடித்ததும் உளறிவிட்டான்.

"அப்பா, வேலைக்காக ஒரு மடக்கு பீர் குடிச்சுட்டேன்."

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எப்புடி இருந்துச்சு?"

"நல்லாவே இல்லப்பா."

"சரி, வையி."

ஆறு மணி தாண்டி ரெண்டே நிமிஷத்தில் அப்பா போனை வைத்துவிட்டார். இவன் திரும்ப அடித்தான். எடுக்கவில்லை. அம்மாவுக்கு அடித்தான், அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டதாகச் சொன்னாள். ஊருக்கு ஓடலாமென்றால் உசிலம்பட்டி தாண்டிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வண்டிச் சாவியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். ஆறரைக்கு அப்பாவே அடித்தார். பின்னால் பாட்டில் உருளும் சத்தம், ஆட்கள் கசமுசா.

"எங்கப்பா இருக்கீங்க?"

"கடைக்கு எதுத்தாப்புல நிக்கிறேன். நீ பேசு. ஏழு மணி வரைக்கும் பேசிக்கிட்டே இரு. அந்தப் பீரு எப்புடி இருந்துச்சுன்னு இப்பவாச்சும் பொய் இல்லாமச் சொல்லு."

சொன்னான். தானிய வாசத்தைச் சொன்னான், இனிப்பைச் சொன்னான், தொண்டையில் நின்ற கசப்பைச் சொன்னான். நன்றாகத்தான் இருந்தது என்பதையும் சொன்னான். அப்பா உம் கொட்டிக்கொண்டே வந்தார். விலையைக் கேட்டார்.

"அடேங்கப்பா, அம்புட்டா? ஒரு மூட்டைத் தவிடு வாங்கிப்புடலாமே."

ராயப்பன் மொட்டை மாடிக் கதவில் நின்று கடிகாரத்தைக் காட்டினார். ஏழு ஆகுமுன்னே மேஜைகள் நிரம்பிவிட்டனவாம். பேசி முடித்துவிட்டு வாரேன் என்று இவன் கையைக் காட்டினான். அவர் முகம் கறுத்துத் திரும்பிப் போனார். கேப்டன் கோட்டு நாற்காலியில் கிடந்தது.

பீரைப் பற்றிச் சொல்ல இனி ஒன்றுமில்லை. நுரையைப் பற்றி ஆரம்பித்தான். பாட்டில் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. அப்பா கடையை விட்டு நடக்கிற மாதிரி, செருப்பு மண்ணில் தேயும் சத்தம் கேட்டது. நிஜமாகவே கேட்டதா என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பேச்சை மட்டும் நிறுத்தாமல், மொட்டை மாடியில் நடந்துகொண்டே இருந்தான்.