தொண்டைக்கு வைத்த துண்டு

பிப்ரவரி மூன்று, மிலான்காரர்களுக்குத் தொண்டைக் காவலரான புனித பியாஜோவின் திருநாள். கிறிஸ்துமஸுக்கு வெட்டிய, திராட்சை போட்ட பனெத்தோனே இனிப்பு ரொட்டியில் ஒரு துண்டை எடுத்து வைத்திருந்து, அன்று காலை வெறும் வயிற்றில் தின்றால் வருடம் முழுக்கத் தொண்டை கட்டாது. எஜிதியோவுக்கு இதில் சந்தேகமே வந்ததில்லை. பதினாறு வயதிலிருந்து சந்தையில் ஆரஞ்சு விற்கிறவர், கூவினால்தான் வியாபாரம்.

அன்று எழும்போதே குரல் கம்மியிருந்தது. அவசரமாகச் சமையலறை அலமாரியைத் திறந்தார். ரொட்டியைச் சுற்றிய துணி மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"நிவெஸ், இங்க இருந்த ரொட்டி எங்கம்மா?"

நிவெஸ் அவருடைய புது மருமகள், வெரோனாக்காரி. அவள் ஊரில் கிறிஸ்துமஸுக்குப் பாண்டோரோ ரொட்டிதான். அதில் திராட்சையும் கிடையாது, அதை எடுத்து வைக்கும் வழக்கமும் கிடையாது.

"அந்தக் காஞ்சு போனதா மாமா? ஞாயித்துக்கிழமை பால்ல ஊறவெச்சு, முட்டை ஊத்தி புட்டிங் பண்ணேனே. நீங்கதானே ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க?"

எஜிதியோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆமாம், நன்றாகத்தான் இருந்தது. இதையெல்லாம் மருமகளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை.

சந்தையில் கடை விரித்து வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. எதிர்க்கடையில் முட்டைகோஸ் விற்கும் டெல்ஃபீனா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"என்னய்யா, சேவல் கூவலை? இன்னிக்கு என் காதுக்கு லீவா?"

பக்கத்தில் போய்க் கிசுகிசுவென்று விஷயத்தைச் சொன்னார்.

"தின்னதே நீதானா? நல்லா வேணும்!" சிரித்தபடியே மேலங்கிப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே கல்லாகக் காய்ந்த பனெத்தோனே. தராசுப் படிக்கல்லால் ஒரு தட்டுத் தட்டி இரண்டாக உடைத்தாள். "வெறும் வயிறுதானே?"

"ஒரு வாய் காப்பி..."

"அதெல்லாம் பியாஜோ கண்டுக்க மாட்டாரு. தின்னு."

"அடுத்த வீட்டு ரொட்டி பலிக்குமா?"

"பலிக்கலைன்னா திருப்பிக் குடு."

மென்று விழுங்கினார். குரல் வரவில்லை. கூட்டம் அவர் கடையைப் பார்க்காமலே கடந்து போய்க்கொண்டிருந்தது. டெல்ஃபீனா சற்று நேரம் பொறுத்தாள். பிறகு தன் முட்டைகோஸைக் கூவிய அதே மூச்சில், "சிசிலி ஆரஞ்சு! எதிர்ல, வாயடைச்ச கிழவன் கடையில!" என்றாள்.

மத்தியானத்துக்குள் கூடைகள் காலி.

எஜிதியோவின் குரல் அடுத்த வாரம்தான் திரும்பியது. அதுவரை இரண்டு கடைக்கும் அவளே கூவினாள். அந்த வருடக் கிறிஸ்துமஸில் நிவெஸ் இரண்டு துண்டுகள் எடுத்து வைத்தாள். ஒன்றைச் சுற்றிய காகிதத்தின் மேல் டெல்ஃபீனாவின் பெயரை எழுதி.